மூல வடிவம் எது? – பழைய காம்பர் வான்களின் புனரமைப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழம்பொருளொன்றைப் புதுக்க முற்படுவோர் முதலில் விடை காணவேண்டிய வினா, அதனை எந்நிலைக்கு மீட்பது என்பதாகும். கோயில் திருப்பணிகளிலே இவ்வினா எழுவதை நாம் அறிவோம். மேலைநாடுகளில் பழைய காம்பர் வான்களை, அதாவது படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பெற்ற பயண வண்டிகளை, புனரமைப்போரிடையேயும் இதே வினா எழுகின்றது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவமே தூயது என்பர் ஒருசாரார். உரிமையாளர் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைத்தலே இவ்வண்டிகளின் இயல்பு என்பர் மறுசாரார். இவ்வண்டிகளுட் புகழ்மிக்கதான வொல்க்ஸ்வாகன் இரண்டாம் வகை வானின் வரலாற்றை நோக்குமிடத்து, முதற்சாராரின் வாதம் வலுவிழப்பதைக் காணலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், ஜேர்மனியின் வூல்ஃப்ஸ்பேர்க் நகரிலிருந்த தொழிற்சாலை பிரித்தானிய இராணுவ நிருவாகத்தின் கீழ் வந்தது. அங்கே உதிரிப் பாகங்களை இடத்துக்கிடம் கொண்டுசெல்வதற்காக, சிறு காரின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு தட்டினைப் பொருத்தி வண்டிகள் செய்துகொண்டனர். அத்தொழிற்சாலைக்குச் சென்ற பென் பொன் என்ற ஒல்லாந்து வணிகரின் கண்ணில் இவை பட்டன. 1947 ஏப்ரல் 23ஆம் திகதி அவர் தம் குறிப்பேட்டிற் கீறிய பெட்டிபோன்ற உருவமே, 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிய வானுக்கு வித்தாயிற்று. எனவே இவ்வண்டியின் மூதாதையே தேவையின் பொருட்டுச் செய்துகொள்ளப்பட்ட ஓர் உருமாற்றம்தான்.

இயந்திரம் பின்புறத்தில் இருந்தமையால் வானின் நடுப்பகுதி வெற்றிடமாக அமைந்தது. பொருள் ஏற்றுவதற்கென விடப்பட்ட அவ்விடத்தை வீடாக்கியவர்கள் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தார் அல்லர். ரேடா-வீடன்புறூக்கிலிருந்த வெஸ்ற்பாலியா என்னும் பழைய வண்டித் தொழிலகம் 1951இல் 'காம்பிங் பெட்டி' ஒன்றை உருவாக்கிற்று. ஜேர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்க அதிகாரி ஒருவரின் வேண்டுகோளே இதற்குத் தூண்டுதலாயிற்று என்பர். வாரநாட்களிற் கடைச் சரக்கு ஏற்றும் வான், வார இறுதியில் இப்பெட்டியை ஏற்றியதும் குடும்பம் உறங்கும் அறையாகிவிடும். போரினால் நலிந்த நாட்டிலே இரண்டு வண்டிகள் வாங்க வகையற்ற சிறு வணிகனுக்கு இது எத்துணை வாய்ப்பாக இருந்திருக்கும்!

இங்கிலாந்திலோ இக்கலையை வளர்த்ததில் வரிச்சட்டத்திற்கும் பங்குண்டு. அங்கு கார்களுக்குக் கொள்வனவு வரி உண்டு. நிலையான படுக்கை, அடுப்பு முதலிய வசதிகளையுடைய வண்டிக்கோ விலக்களிக்கப்பட்டது. 1973இல் பெறுமதி சேர் வரி வரும்வரை இவ்விலக்கு தச்சர்களுக்கு வேலை தேடித்தந்தது. சிட்மத்தில் டெவன் நிறுவனமும், போக்ஸ்ரனில் டோர்மொபைல் வண்டிகளைச் செய்த மார்ட்டின் வோல்டர் நிறுவனமும் புகழ்பெற்றன. ஒருபக்கமாக உயர்ந்து நிற்கும் டோர்மொபைலின் கோடிட்ட துணிக்கூரை இன்றும் பலரால் விரும்பப்படுகின்றது. இவற்றையெல்லாம் விலைகொடுத்து வாங்க இயலாதோர் தாமே பலகை அறுத்து அலுமாரி செய்துகொண்டனர்.

இங்கேதான் புனரமைப்பாளரின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. இவ்வண்டிகளின் பெரும்பகை கறள். கதவடிச் சட்டம், சக்கர வளைவு, மின்கலத் தட்டு ஆகியவற்றை அது அரித்துவிடும். அரித்த தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகட்டை ஒட்டவைப்பதை எவரும் குறைகூறார். ஆனால் அதே கையோடு, முன்னைய உரிமையாளர் செய்த பலகை அலுமாரியையும் கழற்றி எறிந்துவிட்டு, வெஸ்ற்பாலியாவினதைப் பார்த்து அண்மையிற் செய்யப்பட்ட நகலொன்றைப் பொருத்துவோரும் உளர். தூய்மையின் பெயரால் இவ்வாறு அகற்றப்படுவது ஒரு குடும்பத்தின் பயணத்துக்கான ஒரே சான்றாகவும் இருக்கலாம். எழுத்தில் இடம்பெறாத மக்களின் வரலாற்றைப் பொருள்களிலே தேடும் மாணவனுக்கு இது பேரிழப்பாகும்.

1969இல் வூட்ஸ்ரொக் இசைவிழாவிற்கு வந்த 'லைற்' என்னும் வான் மற்றொரு பாடம். பொப் ஹியரோனிமஸ் என்னும் ஓவியர் அதன் உடலெங்கும் குறியீடுகளைத் தீட்டியிருந்தார். நெடுந்தேடலின் பின்னும் அவ்வண்டி அகப்படாமையால், அதே காலத்து வேறொரு வானில் அவரே மீண்டும் தீட்ட, விழாவின் ஐம்பதாம் ஆண்டான 2019இல் அது வலம்வந்தது. இங்கு மீட்கப்பட்டது தொழிற்சாலையின் சாயம் அன்று. ஓர் ஓவியன் செய்த மாற்றமே மூலமாகக் கொள்ளப்பட்டது.

ஜேர்மனியச் சட்டமும் இவ்வுண்மையை ஓரளவு ஏற்றுள்ளது. 1997இல் அறிமுகமான 'எச்' இலக்கத்தகடு முப்பது ஆண்டு கடந்த, நன்னிலையிலுள்ள வண்டிகளுக்கு உரியது. முதற்பதிவிலிருந்து பத்தாண்டுகளுள் செய்யப்பட்ட, அல்லது அக்காலத்தில் வழக்கிலிருந்த மாற்றங்களை அது பொறுத்துக்கொள்ளும். அதாவது 1966ஆம் ஆண்டு வானொன்றில் 1970இல் தச்சன் அமைத்த அடுக்களை வரலாறாகின்றது. 2020இலோ வொல்க்ஸ்வாகன் நிறுவனமே 1966ஆம் ஆண்டு வானொன்றின் 44 குதிரைவலு இயந்திரத்தைக் கழற்றி, 83 குதிரைவலுவுடைய மின்மோட்டாரைப் பொருத்திக் காட்டிற்று. அடிச்சட்டத்தின்மேல் தட்டினைப் பொருத்திய அன்றைய தொழிற்சாலையாரின் செயலிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகின்றது என்பதற்கு அப்பத்தாண்டு விதியில் விடையில்லை.