பெருக்கமரமும் குட்டி இளவரசனும்

பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்காமல் மன்னாரில் படித்து முடித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அதன் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். 1477 ஆம் ஆண்டில் அராபிய வணிகர்கள் நட்டது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம் கடல் கடந்து நம் கரைக்கு வந்தது. பின்னர் அது ஒரு சிறுவர் கதைக்குள்ளும் போனது. அந்தக் கதையைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க மன்னாரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி ஒரு விமானி. 1920களில் மேற்கு ஆபிரிக்காவின் டக்கார் வரை தபால் விமானம் ஓட்டியவர். பெருக்கமரம் அங்கே இயல்பாக வளர்கிறது. பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தபின் அவர் அமெரிக்கா சென்றார். அங்கிருந்து எழுதி, படங்களையும் தானே வரைந்த 'குட்டி இளவரசன்' 1943 ஏப்ரலில் நியூயோர்க்கில் வெளியானது. பிரான்சில் ஒளிந்து வாழ்ந்த யூத நண்பர் லெயோன் வேர்த்துக்கு அதைச் சமர்ப்பித்தார். 1944 யூலை 31 அன்று வேவு விமானத்தில் புறப்பட்டவர் திரும்பி வரவில்லை.

வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கிய நூலைச் சென்னையில் க்ரியா 1981 இல் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1984 இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. பயணிகளின் பைகளில் தமிழகப் புத்தகங்கள் வந்த வழி அது. 1990 இல் ரயிலும் நின்றது. அவ்வாண்டில் முஸ்லிம் தோழிகள் வெளியேற்றப்பட்டார்கள். வேறு பலர் படகேறி இந்தியா போனார்கள். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறினோம். தமிழில் புத்தகம் இருந்தும் அது நம் வகுப்பறைக்கு வந்து சேர வழியில்லாமற் போனது.

கதையின் ஐந்தாம் அத்தியாயம் பெருக்கமரம் பற்றியது. இளவரசனின் கிரகம் ஒரு வீட்டளவே பெரியது. மரம் வளர்ந்துவிட்டால் வேர் கிரகத்தையே பிளந்துவிடும். ஆகவே தினமும் காலையில் அதன் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். சிறிதாக இருக்கும்போது அவை ரோசாச் செடியைப் போலவே இருப்பதுதான் சிக்கல். போர்க்காலத்தில் எழுதப்பட்டதால், பலர் இதை நாசிசத்தைக் குறிப்பதாகப் படிக்கிறார்கள்.

மன்னார்ப் பிள்ளை இதை அப்படியே ஏற்காது. "எங்கட பெருக்கமரம் ஒருத்தருக்கும் தீங்கு செய்யேல்லையே ரீச்சர்" என்று கேட்கும். அந்தக் கேள்விதான் வாசிப்பின் தொடக்கம். அதன் காயின் புளிப்புச் சதையைச் சுவைத்த பிள்ளைக்கு, ஆனைப்புளி என்ற பெயரையும் அறிந்த பிள்ளைக்கு, அச்சிட்ட புத்தகத்தோடு வாதாட உரிமை உண்டு. அடுத்ததாக ஆசிரியை கேட்கலாம்: நம் ஊரில் சிறு கன்றாக இருந்தபோதே பிடுங்கியிருக்க வேண்டியது எது? ரோசா என்று நினைத்து நாம் தண்ணீர் ஊற்றியது எதற்கு? 1990ஐ வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கு இது வெறும் கற்பனை அல்ல. பதிலை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நூலில் சிறுசிறு அத்தியாயங்கள் 27. நாளுக்கு ஒன்றாக உரக்க வாசித்தால் ஒரு தவணைக்குள் முடித்துவிடலாம். ஐந்தாம் அத்தியாயத்தைப் பள்ளிமுனையில், மரத்தடியில் வாசிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. பரிசில் வளரும் மகள் இக்கதையைப் பிரெஞ்சில் படிக்கலாம். மன்னாரில் இருக்கும் அம்மம்மா தமிழில் படிக்கலாம். தொலைபேசியில் பேத்தியும் அம்மம்மாவும் பேச ஒரு பொதுவான கதை கிடைக்கும். பிரெஞ்சுப் படத்தில் பேத்தி கண்ட மரத்தை அம்மம்மா நேரில் கண்டிருக்கிறார் என்பது அவளுக்குப் பெரிய செய்தி. நூற்றாண்டை ஒட்டிப் பாடசாலை நூலகத்துக்கு ஏதேனும் கொடுக்க விரும்புவோர், இந்நூலின் தமிழ்ப் பிரதியோடு தாம் வாழும் நாட்டு மொழிப் பிரதி ஒன்றையும் அனுப்பலாம்.