வெளியே 38 டிகிரி, கோழிக் கொட்டகைக்குள் 27 டிகிரி... ஏசி இல்லாமல் இது எப்படி?

கோடை வந்தாலே பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூச்சோடு வெளியேறும் ஈரம் ஆவியானால்தான் அதன் உடம்பு குளிரும். அது போதாமல் போனால் கோழிகள் கொத்துக் கொத்தாக இறந்துவிடும்.

இதைச் சமாளிக்கத்தான் 'இசி ஷெட்' எனப்படும், சுற்றிலும் அடைத்த கொட்டகைகள் கட்டப்படுகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

கொட்டகையின் ஒரு முனையில் தேன்கூடு போன்ற காகித அட்டைகள் இருக்கும். இவைதான் கூலிங் பேட். பம்ப் மூலம் இவற்றில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மறுமுனையில் உள்ள பெரிய ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்கும். வெளிக்காற்று ஈரமான பேட் வழியாக உள்ளே நுழையும்போது தண்ணீர் ஆவியாகி, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நம்ம மண்பானைத் தண்ணீர் ஜில்லுன்னு இருப்பதும் இதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல இது 8 மடங்கு!

எவ்வளவு குளிரும்? கணக்கு இதோ

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றோட்டத்தில் வைத்தால் வரும் அளவுதான் 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பேட் வழியாக வரும் காற்று அதற்குக் கீழே குளிராது. காற்றின் வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் இணைக்கும் சூத்திரங்களை அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1911-ல் வெளியிட்டார்.

வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30% என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 24 டிகிரி. வித்தியாசம் 14. பேட்டின் திறன் 80% என்றால் 11 டிகிரி குறைந்து, காற்று 27 டிகிரியில் உள்ளே வரும். கோழிகளின் உடல் சூடும் சேர்வதால் ஃபேன் முனைக்குப் போவதற்குள் இது கொஞ்சம் கூடும்.

ஆபத்து எப்போது?

மழைக்கு முந்தைய புழுக்கமான நாளில் 32 டிகிரி, ஈரப்பதம் 80% என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் அளவு 29 டிகிரி. அதே பேட், அதே தண்ணீர்... குறைவது 2 டிகிரிதான்! உள்ளே ஈரம் இன்னும் ஏறுவதால், கோழி மூச்சு வாங்கியும் பலன் இருக்காது. அந்த நேரத்தில் பம்பை நிறுத்திவிட்டு, காற்றின் வேகத்தை நம்புவதே நல்லது. கரண்ட் போனால் உடனே ஓட ஜெனரேட்டரும் தயாராக இருக்கணும். அடைத்த கொட்டகையில் ஃபேன் நின்றால் சில நிமிடங்களிலேயே சூடு ஏறத் தொடங்கும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்கு வெளியிடும் வானிலை அறிக்கையில் வெப்பநிலையுடன் ஈரப்பதமும் இருக்கும். கூலிங் பேட் வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டு ஏர் கூலருக்கும் இதே கணக்குதான். ஜன்னலைச் சாத்திவிட்டு கூலரை ஓட்டினால், அறைக்குள் ஈரம் சேர்ந்து புழுக்கம்தான் மிச்சம்!