95க்குப் பிறகு வருவது 13

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கிடைத்த முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். சல்லடைகள் எல்லாம் ஒரே அளவு; துளைகளின் எண்ணிக்கைதான் வேறு. 20, 30, 50, 80, 100 என்று ஏறி 1000 துளையில் முடியும். துளை குறையக் குறைய ஒவ்வொரு துளையும் பெரிதாகும். ஆகவே 20இல் தங்கியதுதான் பெரிய முத்து. 1000இல் தங்கியது பொடி. இந்தக் கணக்குத் தெரியாதவர் எண்ணை மட்டும் பார்த்தால் விலையைத் தலைகீழாகச் சொல்லிவிடுவார். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நின்றுபோனது. ஆனால் அதே சிக்கல் இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கோப்புகளில் வேறு வடிவில் இருக்கிறது.

இங்கிருந்து கொழும்புக்குப் போகும் பீடர் கப்பலில் எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்பதை, துறைமுகங்கள் 'பேப்ளை' என்ற கோப்பாகப் பரிமாறிக்கொள்கின்றன. அதில் ஓர் இடக்குறி 0140382 என்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் 014, கப்பலின் நீளவாக்கில் எந்தப் பகுதி என்பது. இரட்டைப்படை என்பதால் 40 அடிப் பெட்டி. 03 என்றால் நடுவிலிருந்து வலப்புறம் இரண்டாவது வரிசை. 82 பொதுவாக மேல்தளத்தின் முதல் அடுக்கு. ஏழே இலக்கத்தில் அத்தனையும் அடங்கிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான கோப்பில் இடறும் இடம் ஒன்றுதான்: கோப்பின் வெர்ஷனைச் சொல்லும் தலைப்பு வரி.

இன்றும் அதிகம் புழங்கும் பேப்ளை 2.2இன் தலைப்பில் 'டி, 95பி' என்றிருக்கும். அடுத்து வந்த 3.1இல் 'டி, 13பி'. பழைய 1.5இல் '1, 911'. இவற்றில் எது புதியது?

இந்தக் குறிகளைக் கொடுத்தது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம். வணிக ஆவணங்களைக் கம்ப்யூட்டர்கள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ள அது உருவாக்கிய 'எடிஃபாக்ட்' முறையின் இலக்கணம் 1980களின் இறுதியில் ஐஎஸ்ஓ 9735 என்ற தரமானது. பேப்ளை போன்ற செய்தி வடிவங்களின் தொகுப்பு அவ்வப்போது திருத்தி வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் 91.1 போன்ற பெயர்கள். 1993 முதல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் ஏ, பி என்ற எழுத்தும். 1995இன் இரண்டாம் வெளியீடு 95பி. 2000 வந்ததும் 00ஏ. மனிதர் படித்தால் குழப்பமே இல்லை.

கோடு எழுதுபவர் இதை எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் 1 என்பது 9க்கு முந்தையது. ஆகவே 13பி பழையது என்று விடை வரும். 2013இல் வந்தது 1995இல் வந்ததற்கு முந்தியதாகிவிடும். சரி, எண்ணாக மாற்றிப் பார்ப்போம் என்றால் 911, 95ஐவிடப் பெரியது. 1991இல் பிறந்தது 1995ஐ முந்திக்கொள்ளும். 91க்கும் 1க்கும் நடுவே இருக்க வேண்டிய புள்ளியைக் கோப்பு விழுங்கிவிட்டதே காரணம். இப்படிப்பட்ட இடத்தில் ஒப்பீட்டை ஒற்றைக் குறியில் முடித்துவிடும் புரோகிராம், கோப்பைத் தவறான இலக்கணத்தோடு படிக்கும். எந்தப் பிழையும் திரையில் தெரியாது. கண்டெய்னரின் எடையும் இடமும் இருக்கும் கோப்பில் இது சின்ன விஷயமல்ல.

இதற்கு ஒழுங்கான விதி பிறந்தது துறைமுகத்தில் அல்ல, டெபியன் லினக்ஸில். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அதன் பொதிகளை நிறுவும் 'டிபிகேஜி' கருவியின் முக்கியப் பகுதியை இயன் ஜாக்சன் 1994இல் சி மொழியில் மாற்றி எழுதினார். ஆயிரக்கணக்கான பொதிகள், ஒவ்வொன்றின் ஆசிரியருக்கும் தனி எண் பழக்கம். யாரையும் கேட்காமல் எது புதியது என்று கருவியே முடிவுசெய்ய வேண்டும். அதற்குக் கிடைத்த வழி மிக எளிமையானது. வெர்ஷனை இடமிருந்து வலமாக, இலக்கம் அல்லாத துண்டு, இலக்கத் துண்டு என்று மாறி மாறி வெட்டு. இலக்கம் அல்லாததை எழுத்தாக ஒப்பிடு, இலக்கத்தை எண்ணாக ஒப்பிடு; வித்தியாசம் வந்த இடத்தில் நில். 1.9க்கும் 1.10க்கும் இடையில் 1 சமம், புள்ளி சமம், பிறகு 9க்கு எதிரே 10. எழுத்துச் சரமாகப் பார்த்தால் தோற்றிருக்கும் 1.10 இங்கே வெல்கிறது. அலைக்குறி (~) வந்தால் அது வெறுமைக்கும் முந்தியது என்று பின்னால் சேர்த்தார்கள், அதனால் 2.0~பீட்டா, 2.0க்கு முன்னே நிற்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'எபோக்'. ஓர் ஆசிரியர் 95, 96 என்று ஆண்டை வெர்ஷனாக வைத்துவிட்டுத் திடீரென 1.0 என்று தொடங்கினால் எந்த விதியும் உதவாது. எனவே முன்னால் ஓர் எண், ஒரு முக்காற்புள்ளி: 1:1.0. எபோக் எழுதாவிட்டால் அது 0. முதலில் எபோக்கை ஒப்பிடு, சமமானால் மட்டுமே மற்றதைப் பார். எண் முறையே மாறிவிட்டது என்று ஒப்புக்கொள்ள ஓர் இடத்தை விதிக்குள்ளேயே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேர்மை எடிஃபாக்ட் குறிகளுக்கு வாய்க்கவில்லை. 95பியை 0:95பி என்றும் 13பியை 1:13பி என்றும் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பாதி வேலைதான் இருந்திருக்கும்.

இந்த விதி தூத்துக்குடிப் பிள்ளைகளின் கைக்கும் வந்துசேர்ந்தது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அது டெபியன் வழி வந்தது. ஆனாலும் பழைய பழக்கம் எளிதில் போகவில்லை. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது, வெர்ஷனின் முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டிப் பார்த்த புரோகிராம்களுக்கு அது 3.1 என்று தெரிந்தது.

பேப்ளை தலைப்புக்கு டெபியன் விதியை அப்படியே வைக்க முடியாது. 911இல் விழுங்கிய புள்ளியை முதலில் திருப்பி வைக்க வேண்டும். அடுத்து ஆண்டு இலக்கத்தை எடுத்து, 88ஓ அதற்கு மேலோ என்றால் 1900ஐக் கூட்ட வேண்டும், குறைவென்றால் 2000ஐ. பிறகு எழுத்தை ஒப்பிட வேண்டும். மூன்று வரிக் கோடு. எழுதியவர் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் வைக்க வேண்டும்: இது 2087 வரைதான் செல்லும்.