வரையாடும் வேட்டையாளரும்

சங்கச் சான்றோர் வருடை எனக் குறித்த மலைவாழ் விலங்கை வரையாடு எனக் கொள்வர். குறிஞ்சியில் அதனைப் பாடிய புலவர், அம்மலையில் வேட்டையாடி வாழ்ந்த கானவரையும் குறவரையும் உடன் பாடினர். அவர்தம் தொழிலைப் பழித்தாரிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி ஏறிய ஆங்கிலேயர் அவ்விலங்கை 'ஐபெக்ஸ்' என்றழைத்தனர். அஃது அவ்வினத்தைச் சார்ந்ததன்று. பெயரில் நேர்ந்த இப்பிழை போன்றதொன்று வேட்டையாளரைப் பற்றிய எழுத்துகளிலும் உண்டு என்பது எம் கருத்து.

நீலகிரி வேட்டையாளர் 1877ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டனர். சுட்டு வீழ்த்தியோரே விலங்குகள் அருகுவதையும் கண்டு அஞ்சினர். 1879இல் சென்னை மாகாணத்தில் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. உரிமம் பெறுதலும், குறித்த பருவத்தில் வேட்டை ஒழிதலும் நடைமுறைக்கு வந்தன. மூணாற்று மலைப்பகுதியிலும் 1928இல் இத்தகைய சங்கம் தோன்றியது. தோட்ட முதலாளிகளின் வேட்டைக்காடாக இருந்த இரவிகுளத்தை முதுவர் காவல் புரிந்தனர். அவ்விடம் 1975இல் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று வரையாடு மிகுந்து வாழும் புல்வெளி அதுவே.

இதனை அருளறம் என்று கொள்ளுதல் பொருந்தாது. முதுகில் வெண்மை படர்ந்த முதிய கடாவின் தலையைச் சுவரில் மாட்டுதலே அவர் விழைவு. வரையாட்டைக் காத்த அதே கைகள், செந்நாயைக் கேடு விலங்கென ஒதுக்கி, அதனைக் கொன்றார்க்குப் பரிசும் ஈந்தன.

எழுத்துகளுக்கு வருவோம். டக்ளஸ் ஆமில்டனின் வேட்டை நூல் 1892இல் வெளிவந்தது. அது போன்ற நூல்களிலும் அக்கால ஏடுகளிலும் துப்பாக்கி ஏந்திய துரை 'ஸ்போர்ட்ஸ்மன்' ஆகின்றார். உரிமமின்றி வேட்டையாடும் மலைவாணர் 'போச்சர்' ஆகின்றார். தடம் காட்டி முன்னே சென்றவர், பல இடங்களில் 'ஷிகாரி' என்னும் தொழிற்பெயரோடு நின்றுவிடுகின்றார். வேட்டுவர் என்னும் தமிழ்ச் சொல்லில் இப்பாகுபாடு இல்லை. சட்டம் ஒன்று வந்ததும், இருளரும் குறும்பரும் தம் காட்டிலேயே குற்றவாளிகளாயினர் என்பதனை அந்நூலாசிரியர் பொருட்படுத்தவில்லை.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் செய்தித்தாள்களில் காற்று எதிர்ப்புறம் வீசியது. வேட்டையாளர் யாவரும் ஒருங்கே அழிவின் உருவாயினர். இதுவும் அரைகுறை ஓவியமே. வழக்கறிஞர் இ. ஆர். சி. டேவிதார் முன்னாள் வேட்டையாளர்; 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தவரும் அவரே. விலங்கின் வழியும் ஒளிவிடமும் அறிந்த கண்ணுக்கு அக்கணக்கு எளிதாயிற்று எனல் தகும். செய்தித்தாள்கள் துப்பாக்கியைப் பழித்த அளவிற்கு, புல்வெளியை விழுங்கிய சீகை, தைல மரத் தோட்டங்களைப் பழித்தனவா என்பதும் வினாவுக்குரியது. துப்பாக்கி ஓர் ஆட்டைக் கொல்லும். மரத்தோட்டமோ மேய்நிலத்தையே இல்லாததாக்கும்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,031 வரையாடுகளைக் காட்டியது. இவற்றின் முன்னோரைச் சுட்டவர் பெயர்கள் நூல்களில் அச்சேறியுள்ளன. காவல் புரிந்த முதுவர் பெயர்களை இனித்தான் தேடித் தொகுத்தல் வேண்டும். முதியோர் நினைவில் அவை எஞ்சியிருக்கும்போதே அப்பணி தொடங்குதல் நன்று.