பனிக்குள் புதைந்த கங்கோத்ரி

போன ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது என்னோட பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைச்சுது. இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்காக 1983ல் வந்த ஒரு ரூபாய் ஸ்டாம்ப் அதில் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் 'தட்சிண கங்கோத்ரி' என்று எழுதியிருக்கிறேன்.

"அது என்னப்பா?" என்றாள் பொண்ணு.

"அங்க நாம கட்டுன ஸ்டேஷன். இப்ப பனிக்குள்ள போயிடுச்சு."

"குளோபல் வார்மிங்காலயா?"

ஆமாம்னு தலையாட்டிட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறுத்துச்சு. பனி உருகினா கட்டடம் எப்படிய்யா பனிக்குள்ள புதையும்?!

சரி, மேட்டருக்கு வருவோம். எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர், 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' கப்பலில் கிளம்பி, 1982 ஜனவரி 9ல் அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். ஹர்ஷ் குப்தா தலைமையில் போன மூன்றாவது குழு, 1983-84 கோடையில் இரண்டே மாசத்தில் தட்சிண கங்கோத்ரியைக் கட்டி முடித்தது. 12 பேர் அங்கேயே தங்கி, சூரியனே வராத அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். நமக்கு மார்கழிக்கே மப்ளர் வேணும்!

சிக்கல் என்னன்னா, அதைக் கட்டின இடம் பாறை இல்லை, ஐஸ் ஷெல்ஃப். தமிழில் பனித்தட்டுன்னு வெச்சுக்குவோம். நிலத்துமேல் இருக்கும் பனி மெதுவாக நகர்ந்து வந்து, கரையை விட்டுப் பிரியாமலே கடல்மேல் மிதக்கும். அதன்மேல் வருஷாவருஷம் பனி பெய்து, காற்று அள்ளிக்கொண்டு வந்ததும் சேர்ந்து, ஸ்டேஷனை மூடிவிட்டது. 1990ல் அதைக் கைவிட்டார்கள். அதற்குள் 1989லேயே பாறை நிலத்தில் 'மைத்ரி' தயார். 2012ல் வந்த 'பாரதி'யும் பாறைமேல்தான்.

ஆக, புதைந்ததற்குக் காரணம் வெப்பம் இல்லை. ஆனால் பனித்தட்டுகளுக்கு ஆபத்தே இல்லைன்னும் சொல்லிட முடியாது. 2002ல் லார்சன் பி பனித்தட்டில், ஏறக்குறைய 3,250 சதுர கிலோமீட்டர், ஒரே மாசத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நாளில் நொறுங்கிப் போச்சு. மேலே உருகிய தண்ணி குட்டை குட்டையாகத் தேங்கி, விரிசலில் இறங்கிப் பிளந்துவிட்டது. ரொம்பக் குளிரான கிழக்குப் பக்கம் பத்திரம்னு நினைச்சா, 2022 மார்ச்சில் அங்கேயே காங்கர் பனித்தட்டு உடைஞ்சுது.

டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணி வழியாது இல்லையா? அதுபோல பனித்தட்டு உடைஞ்சா கடல்மட்டம் நேரடியாக அவ்வளவா ஏறாது. ஆனா அது கதவுக்கு முட்டுக் கொடுத்த கல் மாதிரி. கல்லை எடுத்துட்டா, பின்னாடி நிலத்தில் நிற்கிற பனியாறு வேகமாகக் கடலுக்குள் இறங்கும். லார்சன் பிக்குப் பின்னாடி இருந்த சில பனியாறுகள் பல மடங்கு வேகமாக ஓடின. அப்போ கடல் ஏறும்.

காலையில் பொண்ணைக் கூப்பிட்டு, நேத்து சொன்னது தப்பும்மான்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப அம்பத்தூருக்குக் கடல் வருமா?"

கடல் இங்கே வராது. ஆனா திருவேற்காடு வழியா ஓடுற கூவம், நேப்பியர் பாலத்துக்கிட்டதான் கடலில் சேருது. கடல் உசந்து நின்னா, மழை வெள்ளம் சீக்கிரம் வடியாது. 2015 டிசம்பரில் தண்ணி வடியக் காத்திருந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை, அப்போ கைக்குழந்தை. வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிற கறையைக் காட்டினேன்.