டாங்கியும் கையெறி குண்டும்



குன்னூரைத் தாண்டி வெலிங்டன் பக்கம் போனவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழ் கோத்தகிரியில் நம்மிடையே பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோரும் இருக்கிறீர்கள். அதனால் இன்று, டாங்கியைக் கையால் எதிர்த்த காலாட்படைக்காரனின் வரலாறு.

சாதாரணக் கையெறி குண்டு ஆளைக் கொல்லும். டாங்கியின் இரும்புத் தகட்டை ஒன்றும் செய்யாது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பல குண்டுகளைச் சேர்த்துக் கட்டி எறிந்தார்கள். 1940-இல் பிரிட்டிஷார் பசை தடவிய ஒட்டுக்குண்டு செய்தார்கள். அது எறிகிறவன் சட்டையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1943-இல் சோவியத் ராணுவத்துக்கு ஆர்.பி.ஜி-43 வந்தது. அதன் உள்ளே கூம்பு வடிவக் குழி. வெடிப்பின் சக்தி ஒரே இடத்தில் குவிந்து தகட்டைத் துளைக்கும். ஆனால் எந்தக் குண்டானாலும் 15, 20 மீட்டர் கிட்டத்தில் போய்த்தான் எறிய வேண்டும்.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. இந்திய சிப்பாய்கள் பலர் அதற்கு முன் டாங்கியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் ஆற்றுப் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் இருட்டோடு சாலையில் பாய்ந்து வந்தன. இரண்டு இந்தியப் பிரிகேடுகள் ஒரே நாளில் சிதறின. நான்காம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழர்கள் பிறகு சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

1944 ஜூன் 12. மணிப்பூரில் நிங்தௌகோங் என்ற ஊர். கூர்க்கா படையின் கஞ்சு லாமாவிடம் பியட் என்ற ஆயுதம் இருந்தது. வில்சுருளின் விசையால் பாயும் கம்பி, குண்டின் வாலிலுள்ள மருந்தைப் பற்றவைத்துக் குண்டை ஏவும் ஆயுதம் அது. மணிக்கட்டு முறிந்து, கையிலும் காலிலும் காயம்பட்ட நிலையில், 30 கஜம் வரை தவழ்ந்துபோய் இரண்டு டாங்கிகளை அழித்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

1945-இல் நிலைமை தலைகீழ். பர்மாவில் மெய்க்டிலாவில் இந்திய டாங்கிப் படை முன்னேறியது. எதிர்க்க ஆயுதமில்லாத ஜப்பானிய வீரர்கள் குழிக்குள் விமானக் குண்டை வைத்துக்கொண்டு, டாங்கி மேலே வரும்போது கல்லால் அடித்து வெடிக்கச் செய்யக் காத்திருந்தார்கள்.

மூன்றே ஆண்டுகளில் இடம் மாறிவிட்டது, பாருங்கள். சிப்பாய் டாங்கிக்கு இவ்வளவு அருகே போகிறான் என்றால், தூரத்திலிருந்து அடிக்கும் ஆயுதத்தை மேலிடம் அவனுக்குத் தரவில்லை என்றே பொருள். வீரத்தை நாம் புகழ்வோம். அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்போம்.

பேரப்பிள்ளைகள் மொபைலில் டாங்கி விளையாட்டு ஆடும்போது, கஞ்சு லாமாவின் பெயரையும் அந்த ரயில்பாதையையும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.