தாய்வழிச் சரித்திரம்

பொழிச்சலூர் அகஸ்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு பெண், தசை தளர்ந்து தலை நிற்காத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ‘எல்லாம் இவ அம்மா வழி தோஷம்’ என்றாள் மாமியார். நோயின் பெயரை நான் கேட்கவில்லை. அந்த வார்த்தைதான் வீடுவரை கூட வந்தது.

‘அம்மா வழி’க்கு விஞ்ஞானத்தில் ஒரு சரித்திரம் உண்டு. உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக டி.என்.ஏ. இருப்பதை 1963-ல் ஸ்டாக்ஹோமில் நாஸ் தம்பதியர் கண்டார்கள். 1981-ல் கேம்பிரிட்ஜில் அதன் 16,569 எழுத்துகளும் வாசிக்கப்பட்டன. அது தாயின் கருமுட்டை வழியாகவே இறங்கி வருகிறது. 1990-ல் ஜப்பானில் கோட்டோவும் சகாக்களும், அதன் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறுவதை ‘மெலாஸ்’ நோயுடன் இணைத்தார்கள். இளம் வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் தசைச் சோர்வும் தரும் நோய் அது.

அப்படியானால் மாமியார் சொன்னது விஞ்ஞானமா? இல்லை. ஓர் உயிரணுவில் பிறழ்ந்த பிரதிகளும் பிறழாத பிரதிகளும் கலந்தே கிடக்கின்றன. பிறழ்ந்தவை ஓர் அளவைத் தாண்டினால்தான் நோய். தாயிடம் கொஞ்சமாக இருந்தது ஒரு பிள்ளையிடம் பெருகும், இன்னொன்றிடம் குறையும். இதில் அவள் செய்வதற்கு எதுவும் இல்லை. மேலும், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதங்கள் ஆயிரத்துக்கு மேல். அதன் சொந்த டி.என்.ஏ. தருவது 13 மட்டும். மற்றவை உட்கருவின் ஜீன்களிலிருந்து வருகின்றன. குழந்தைகளிடம் காணும் இவ்வகை நோய்களில் பெரும்பகுதி அந்த ஜீன்களின் பிறழ்வால்தான். அங்கே அப்பனுக்கும் சரிபாதி. மாமன் மகளைக் கட்டும் நம் வழக்கம், இரு பக்கமும் ஒளிந்திருந்த ஒரே குறையை ஒரு குழந்தையிடம் சேர்த்துவிடவும் கூடும்.

இதே தாய்வழி டி.என்.ஏ.வைப் படித்துத்தான் 2005-ல் ஹைதராபாதின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் தங்கராஜ் குழுவினர் அந்தமான் பழங்குடியினரின் தொன்மையைச் சொன்னார்கள். எழுதி வைக்காத வம்சாவளி ரத்தத்தில் இருந்தது.

நான் வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறவன். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அநேகமாக அப்பனுடையது. பாட்டியின் தாய்க்கு என்ன உடம்பு என்று டாக்டர் கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? என்னால் அவள் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. அம்மா வழியை நாம் நினைவில் வைத்திருப்பது பழி போடுவதற்கு மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.